நங்கூரம் எங்கே விழுகிறது?

திருப்பூர்ப் பக்கத்துக் குண்டடம் கடலைப் பார்க்காத ஊர். ஆனாலும் தீபாவளி போனஸ் வாங்கி, பனியன் கம்பெனிகள் லீவு விட்டதும் இந்தப் பக்கத்திலிருந்து இராமேஸ்வரத்துக்கு வேன் கிளம்பும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அந்தமானுக்கே போய், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி 'ஸ்நார்க்கெலிங்' செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தண்ணீரில் இறங்குமுன் கீழே இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

பவளப்பாறை வெறும் கல் அல்ல. சில மில்லிமீட்டரே உள்ள பாலிப் என்ற உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தமக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலை வாங்கிச் சமைத்துக் கொடுப்பதுதான் அவற்றின் முக்கிய உணவு. உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒன்று நிற்கிறதென்றால் அது நம் தாத்தா காலத்தில் தொடங்கியது.

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இப்படிப்பட்ட பாறைகள் உண்டு. 1986இல் அந்தப் பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்துவந்த பாறை இல்லாமல் கரை அரித்ததும் சேர்ந்து, அந்த 21இல் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் பவளங்களுக்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது, அதன் பிறகு வெட்டுவது மெல்ல நின்றது. கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. சூட்டை நாம் ஒரு நாளில் குறைக்க முடியாது. நங்கூரத்தையும் காலையும் கட்டுப்படுத்த முடியும்.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. நம்மூர் கலப்பையின் கொழு போல, படுக்கை வாட்டில் இழுத்தால் மண்ணில் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுகிறார்கள். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டராவது வேண்டும். காற்று திசை மாறும்போது படகு சுற்றும். நங்கூரத்தோடு சேர்ந்து தரையில் கிடக்கும் சங்கிலியும் கூடவே வளைந்து அரைத்துக்கொண்டு போகும். மணலில் அந்தத் தடம் மறைந்துவிடும். பவளத்தின்மேல் பட்டால் பல வருட வளர்ச்சி சில நிமிடத்தில் நொறுங்கும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. 1981இல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் ஜான் ஹாலஸ் என்ற உயிரியலாளர், கடலடிப் பாறையில் துளையிட்டு எஃகு வளையத்தைச் சிமெண்டால் பதித்து, அதில் மிதவையைக் கட்டினார். படகு மிதவையில் கயிற்றை மாட்டினால் போதும், நங்கூரமே வேண்டாம். இன்று உலகின் பல பவளக் கடல்களில் இந்த முறைதான்.

அடுத்தது கால். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் புதியவர்கள் பதறி எழுந்து நிற்பார்கள், நிற்பது பவளத்தின்மேல். நீந்த மாட்டும் துடுப்புச் செருப்பு காலை அரை மீட்டர் நீளமாக்குவதால் அது எங்கே இடிக்கிறதென்பதும் தெரியாது. முதலில் மணல் உள்ள இடத்தில், நெஞ்சளவு நீரில், கண்ணாடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றப் பழகிவிட்டுப் பிறகு பவளப் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, வெயிலுக்குப் பூசும் களிம்பு. ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்க்ரீன் பவளத்தின் இளம் உயிர்களைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டியதால், ஹவாய் 2021 முதல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. முதுகில் களிம்பு பூசுவதைவிட முழுக்கை பனியனே மேல். ஆனால் நனைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தி, புற ஊதாக் கதிரைப் போதிய அளவு தடுக்காது. நெருக்கமாகப் பின்னிய அடர்நிற பாலியஸ்டர் நன்றாகத் தடுக்கும். பின்னலாடையைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த லீவில் கடலுக்குப் போகிறீர்களா? படகில் ஏறுமுன் படகுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, நங்கூரத்தை மணல்லதான போடுவீங்க?" பத்துப் பேர் கேட்டால் அவர் மணலைத் தேடிப் போடுவார், நூறு பேர் கேட்டால் மிதவை வரும்.