தடியடியை எங்கே வைப்பது?

அச்சில் வந்த கட்டுரையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் எழுதும் மேஜையில் நடக்கும் அமளியை யார் பார்த்தார்கள்? வாருங்கள், காட்டுகிறேன்!

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் மூண்டது? அடிமை முறைக்காக அல்ல, மாநில உரிமைக்காகத்தான் தெற்கு பிரிந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதை நான் உடைக்க வேண்டும். அதுவும் தெற்கின் எழுத்தை வைத்தே.

கிடைத்தேவிட்டது! 1860 டிசம்பர் 20-இல் பிரிந்த தென் கரோலினா, நான்கே நாளில் அதற்கான காரணங்களை அறிக்கையாக வெளியிட்டது. படிக்கப் படிக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதற்கென்றே சட்டம் போடுகின்றன என்பதுதான் அதன் பெரிய புகார். வெர்மான்ட், மாசசூசெட்ஸ் என்று பெயர் பெயராக அடுக்கியிருக்கிறார்கள். அந்த மாநிலங்கள் செய்தது என்ன? தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தின! அடிமைகளைத் திருப்பி அனுப்பச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டமோ மத்திய அரசு போட்டது.

இவ்வளவு நல்ல சான்றை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டால் மீதிக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கடைசிக்குத் தள்ளினேன். அடிமை முறைக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தந்த ட்ரெட் ஸ்காட் தீர்ப்புக்குச் சில வரிகள் போதும். ஆனால் 1856 மே 22 இருக்கிறதே! கான்சஸுக்குள் அடிமை முறையைத் திணிப்பதைக் கண்டித்துப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, செனட் அவையிலேயே, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் தன் கைத்தடி உடையும்வரை அடித்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுத் தடிகள் பரிசாக வந்து குவிந்தன. மாசசூசெட்ஸோ, அவைக்கு வர முடியாமல் கிடந்த சம்னரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. நாடு இரண்டாகிவிட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? புரூக்ஸின் மாநிலம் எது என்று பார்த்தேன். தென் கரோலினா! தடியடிக்கு இடம் கிடைத்துவிட்டது: அறிக்கைக்கு நேர் முன்னால்.

அடுத்து 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினேன். அடிமைகளாக இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். தென் கரோலினாவிலோ மக்களில் பாதிக்கும் மேல். அதுவரை இருந்த குஷி அங்கே அடங்கியது. அந்த எண்ணைக் கட்டுரையின் முதல் வரியாக வைத்தேன்.

உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதப்போகிற மாணவர்களே, பிறர் எழுதிய விளக்கங்களுக்குப் போகும் முன், பிரிந்துபோன மாநிலங்கள் தாமே எழுதிய காரணங்களைப் படியுங்கள்.