குத்தகைக்குப் போன டீசல் எஞ்சினுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் பெயிண்ட்!

திருவண்ணாமலை வழியாகச் செல்லும் விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதை 2010-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அது மீட்டர் கேஜ். அந்த ரயிலில்தான் என் அப்பா வேலைக்காக வேலூர் போய் வருவார். வண்டியை இழுத்த டீசல் எஞ்சினின் பெயர் ஒய்.டி.எம்.4.

பௌர்ணமி லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, "அந்த எஞ்சினெல்லாம் எங்கடா போச்சு?" என்று கேட்டார். சாப்ட்வேர் வேலை பார்க்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு!

தேடினேன். ஆறு சிலிண்டர் ஆல்கோ எஞ்சின் பொருத்திய இந்த வகையை வாரணாசி டீசல் லோகோ தொழிற்சாலை 1968 முதல் தயாரித்தது. 1992-ல் தொடங்கிய கேஜ் மாற்றத் திட்டத்தால் மீட்டர் கேஜ் எஞ்சின்கள் உபரியாயின. பல பழைய இரும்புக்குப் போயின. சில வெளிநாட்டுக்குக் குத்தகைக்குப் போயின. 1990-களில் ரைட்ஸ் நிறுவனம் மூலம் மலேசிய ரயில்வேயிலும் ஓடின. அங்கேயும் தண்டவாள அகலம் அதே 1000 மி.மீ. தானே!

இந்த எஞ்சினை ரயில் சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டினால் என்ன என்று தோன்றியது. 2001-ல் வந்த மைக்ரோசாப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் இந்தியப் பாதை எதுவும் கிடையாது. ஆனால் ரசிகர்கள் உருவாக்கிய இந்திய எஞ்சின்கள் உண்டு. அந்த பைல்களை ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச சாப்ட்வேரும் படிக்கும்.

பெயிண்ட் அடிப்பது எப்படி?

1. ட்ரெயின்செட் போல்டருக்குள் இருக்கும் எஞ்சின் போல்டரை அப்படியே காப்பி செய்து வேறு பெயர் கொடுங்கள். ஒரிஜினலைத் தொடாதீர்கள்.

2. எஞ்சினின் தோல் முழுவதும் 'ஏஸ்' பைல்களில் இருக்கிறது. டி.ஜி.ஏ. டூல் கொண்டு அதை டி.ஜி.ஏ. இமேஜாக மாற்றி, கிம்ப் சாப்ட்வேரில் திறந்துகொள்ளுங்கள்.

3. புதிய லேயரில் வண்ணம் அடியுங்கள். லேயர் மோடை 'எச்.எஸ்.எல். கலர்' என்று மாற்றினால் அடியில் உள்ள நிழலும் ஆணித் தலைகளும் மறையாது.

4. இமேஜ் அளவையும் பைலின் பெயரையும் மாற்றாமல் மீண்டும் ஏஸ் ஆக்கிச் சேமியுங்கள். பெயர் மாறினால் எஞ்சினுக்குத் தோல் கிடைக்காது.

5. எஞ்சின் பைலின் பெயரையும் அதற்குள் இருக்கும் 'நேம்' வரியையும் மாற்றுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது யூனிகோட் (யு.டி.எப்.16) தேர்வு செய்ய மறக்காதீர்கள்.

குத்தகை எஞ்சின் என்றால் வேலை இன்னும் சுலபம். திருப்பித் தரவேண்டிய வண்டிக்கு முழு பெயிண்ட் அடிக்கப் பலரும் செலவு செய்வதில்லை. பழைய பெயர், எண் மீது ஒரு பட்டை அடித்துப் புதியதை எழுதிவிடுவார்கள். எனவே அந்தப் பட்டை, சுற்றியுள்ள வெளுத்த நிறத்தைவிடச் சற்றுப் புதிதாகத் தெரிந்தால்தான் நிஜமாக இருக்கும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் எண் சரியாக வந்தது, மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றது. மாடலில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இமேஜ்! இப்படி இருந்தால் பக்கவாட்டில் எழுத்தே வேண்டாம்.

முதலில் அப்பாவின் பாசஞ்சர் எஞ்சினைக் காட்டினேன். பார்த்தவுடன், "இது என்ன ஷோரூம்ல இருந்து வந்த வண்டியா? மேலெல்லாம் கரி படிஞ்சு கிடக்கும்டா" என்றார். உண்மைதான், ஆல்கோ எஞ்சின்கள் கரும்புகைக்குப் பேர் போனவை. கூரையில் கரி பூசினேன். "இப்பதான் சரி" என்றார்.

அடுத்து எண். ஒய்.டி.எம்.4 எண்கள் 6-ல் தொடங்கும். அப்பா சொன்ன நான்கு இலக்க எண்ணும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷமாகச் சேமித்தேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிச் சொன்னார்!

எதைப் போடுவது? கேம்தானே என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடலாம். ஆனால் நிஜ எஞ்சின் உடைக்கப்பட்ட பிறகு, நாளை ஒருவர் நம் படத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்வாரே? மலேசியா போன எஞ்சினுக்கும் இதே பிரச்சினைதான். ஒரு போட்டோவில் தெரியும் பக்கம் தெரியும், மறுபக்கம் நம் ஊகம். எண்ணை நீக்கிவிட்டேன். ரீட்மீ பைலில் போட்டோ பார்த்து அடித்தது எது, அப்பா சொல்லி அடித்தது எது, என் ஊகம் எது என்று மூன்றாகப் பிரித்து எழுதினேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மற்றவர் உருவாக்கிய மாடல் என்றால், அவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டு ஆல்பத்தில், ஸ்டேஷனில் எடுத்த பழைய போட்டோ இருக்கிறதா? முன்னால் நிற்கும் சித்தப்பாவை விடுங்கள், பின்னால் எஞ்சின் தெரிகிறதா பாருங்கள். இருந்தால் இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். நான் இன்னும் அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.