1707: முடிகள் சாய்ந்தன, வழமை நிலைத்தது

வரலாற்றை ஆண்டுவாரியாக மனனஞ் செய்யும் மாணவர்க்கு ஆண்டுகள் யாவும் ஒரே கனமுடையனவாகத் தோன்றும். எனினும், பல நாடுகளின் தலைவிதி ஒருங்கே திரும்பிய ஆண்டுகளும் சில உண்டு. கி.பி. 1707 அத்தகையதோர் ஆண்டு. பேரரசன் ஒருவன் மறைந்தான், பழைய இராச்சியம் ஒன்று தன் பாராளுமன்றத்தை இழந்தது, மலையொன்று தீக்கக்கியது. நம் யாழ்ப்பாணத்திலும் ஒரு காரியம் ஓசையின்றி நிறைவேறியது. இவற்றுள் நிலைத்து நின்றவை எவை என்பதை இங்கு சிறிது நோக்குவோம்.

பேரரசன் மறைவு

அவ்வாண்டு மார்ச் 3 ஆம் திகதி, தக்காணத்து அகமதுநகரில் முகலாயப் பேரரசன் ஒளரங்கசீப் தன் 88 ஆவது வயதில் உயிர்நீத்தான். ஏறத்தாழ 49 ஆண்டுகள் அரசோச்சிய அவன், இறுதி 25 ஆண்டுகளையும் தக்காணப் போர்களிலேயே கழித்தான். குல்தாபாத்தில் திறந்தவெளியில் அமைந்த எளியதொரு கல்லறையே அவனுக்கு எஞ்சியது. ஜூன் மாதத்திலேயே அவன் மைந்தர் முவாசமும் ஆசமும் ஆக்ராவுக்கு அருகே பொருதனர். ஆசம் மடிய, முவாசம் பகதூர்சா என்னும் பெயருடன் ஆட்சியைக் கைக்கொண்டான். ஆயினும் பேரரசு தளர்ந்துகொண்டே சென்றது. 1739 இல் பாரசீகத்து நாதிர்சா டில்லியைச் சூறையாடி மயிலாசனத்தையும் கவர்ந்து சென்றான்.

அதே 1707 இல் கண்டியில் இரண்டாம் விமலதர்மசூரியன் இறக்க, அவன் மைந்தன் நரேந்திரசிங்கன் முடிசூடினான். மதுரையிலிருந்து தேவியரை வருவித்து மணந்த அவன், பட்டத்துக்குரிய மைந்தனின்றி 1739 இல் மறைந்தபோது, தேவியின் சகோதரன் அரியணை ஏறினான். கண்டியில் நாயக்கர் மரபு தொடங்கியது இவ்வாறே.

பாராளுமன்றம் போயிற்று, சட்டம் நின்றது

மே முதலாந் திகதி இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் ஒரே இராச்சியமாயின. பனாமாப் பகுதியில் குடியேற்றம் அமைக்க முயன்று ஸ்கொத்லாந்து மக்கள் பெருந்தொகைப் பணத்தை இழந்திருந்த காலம் அது. இணைப்புக்கு ஈடாக 398,085 பவுண் வழங்கப்பட்டது. எடின்பரோ வீதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எனினும் இணைப்பைத் தடுக்க முடியவில்லை. புதிய பாராளுமன்றத்தின் மக்கள் சபையில் 45 ஆசனங்களும் பிரபுக்கள் சபையில் 16 ஆசனங்களுமே அவர்களுக்குக் கிட்டின. ஆனால் ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுத்தாரல்லர்: தம் நாட்டுச் சட்டமும், நீதிமன்றங்களும், திருச்சபையும் தமக்கே உரியனவாதல் வேண்டும் என்றனர். அவை அவ்வாறே நிலைத்தன. எடின்பரோவில் மீண்டும் ஒரு பாராளுமன்றம் கூடுவதற்கு 1999 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

கடலும் மலையும்

ஒக்டோபரில் ஆங்கிலக் கடற்படை, தான் நிற்கும் இடத்தைப் பிழையாகக் கணித்து, சிலித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் அழிய, கடற்படைத் தலைவர் ஷவலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளும் மாண்டனர். கடலில் நெட்டாங்கைக் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண் பரிசளிக்க 1714 இல் பாராளுமன்றம் முன்வந்தது. அதே ஒக்டோபரில் யப்பானைப் பெரும் பூகம்பம் உலுக்கிற்று. 49 நாட்களின் பின், டிசம்பர் 16 இல் பியூஜி மலை வெடித்தது. நெடுந்தூரத்திலிருந்த எடோ நகர் மீதும் சாம்பல் மழையெனப் பொழிந்தது. பியூஜி அதன்பின் வெடிக்கவில்லை.

இரு குழந்தைகள்

ஏப்ரிலில் சுவிற்சலாந்தின் பாசல் நகரில் ஓயிலரும், மே மாதத்தில் சுவீடனின் சிற்றூர் ஒன்றில் லினேயசும் பிறந்தனர். இன்று நம் மாணவர் கணிதத்தில் எழுதும் குறியீடுகள் பல ஓயிலரால் வழக்கில் நிலைபெற்றவை. செடி ஒவ்வொன்றையும் இரு சொற்களாற் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் லினேயசு. இலங்கையிற் பணியாற்றிய வைத்தியர் ஹெர்மன் சேகரித்த தாவரங்களை ஆராய்ந்து, 1747 இல் நம் நாட்டுத் தாவரங்கள் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். 1619 இல் யாழ்ப்பாணத்தரசு வீழ்ந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. போர்த்துக்கேயர் போய் ஒல்லாந்தர் ஆண்டனர். காணி, சீதனம், ஈடு முதலியவற்றில் மக்கள் கைக்கொண்ட வழமை என்னவென்று அறியாமல் அவர்களால் வழக்குத் தீர்க்க இயலவில்லை. தேசாதிபதி சைமன்ஸ் கட்டளையிட, இங்கு நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் திரட்டி 1707 ஜனவரியிற் சமர்ப்பித்தார். அது தமிழாக்கப்பட்டு, முதலியார் 12 பேர் ஆராய்ந்து சரியெனச் சான்றளித்தபின் நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடு அதில் எழுத்தேறியது. 1806 இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர். இன்றும் யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு தேசவழமையை மறந்து எழுத முடியாது.

எனினும், பெருமை பேசி அமைவது மட்டும் நம் கடமையன்று. சான்றளித்த பன்னிருவரும் ஆடவர், செல்வாக்குடையோர். பெண்டிரையோ எளியோரையோ எவரும் வினவினார் என்பதற்குச் சான்றில்லை. ஆதலால் சிலரை அடிமைகளாகக் கொள்ளும் விதிகளும் அந்நூலில் ஏறின. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இலேதான். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமும் விதித்தது. தன் சீதனக் காணிக்கே பிறர் ஒப்பம் வேண்டி நின்ற பெண்ணின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒளரங்கசீப்பின் பேரரசு கலைந்தது. கண்டியின் முடியும் 1815 இல் வீழ்ந்தது. ஸ்கொத்லாந்தின் சட்டமும் யாழ்ப்பாணத்தின் வழமையும் அரசு இழந்த மக்களிடத்தும் நின்று நிலவின. அரசன் இல்லாத நாட்டிலும் தந்தை தேடியது யாருக்கு, தாய் கொணர்ந்தது யாருக்கு என்ற வினா வீடுதோறும் எழுமன்றோ? அவ்வினாவுக்கு விடையாக நின்றமையாலேயே வழமை வாழ்ந்தது. அன்று வினவப்படாதோரையும் வினவி அதனைத் திருத்திக் கொள்வது, அதனை முதுசமாகப் பெற்ற நம் பொறுப்பாகும்.