ஆயுட்காலச் சந்தா: யாருடைய ஆயுள்?

ஒரு தடவை பணம் செலுத்தினால் ஆயுள் முழுவதும் சேவை கிடைக்கும் என்ற விளம்பரம் எவரையும் கவரக்கூடியது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் தொல்லை இல்லை. கட்டணம் எப்போது உயருமோ என்ற கவலையும் இல்லை. வாசிகசாலைகளிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் ஆயுட்கால உறுப்பினராகச் சேர்ந்து பழகிய எமது மக்களுக்கு இச்சொல்லின் பொருள் குறித்து ஐயம் எழுவதில்லை. உறுப்பினர் உயிருடன் உள்ளவரை உறுப்புரிமையும் நிலைத்திருக்கும் என்பதே அதன் பொருள். ஆனால், இலத்திரனியல் சாதனங்களோடு சேர்த்து விற்கப்படும் ஆயுட்காலச் சந்தாக்களில் பெரும்பாலும் பேசப்படுவது வாங்கியவரின் ஆயுள் அல்ல, அவர் வாங்கிய சாதனத்தின் ஆயுளே. சாதனம் பழுதடைந்து, அதற்குப் பதிலாகப் புதியதொன்றை வாங்கச் செல்லும்போதுதான் இந்த வேறுபாடு பலருக்குத் தெரியவருகின்றது.

இப்பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்காவின் டிவோ நிறுவனத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிவுசெய்து, விரும்பிய நேரத்தில் பார்ப்பதற்கு வழிசெய்யும் பெட்டியை இந்நிறுவனம் 1999 ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் என்பதை அப்பெட்டி தானாக அறிந்துகொள்ள முடியாது. அது தொலைபேசி இணைப்பின் ஊடாக நிறுவனத்தின் கணினிகளை அழைத்து நிகழ்ச்சி நிரலைப் பெற்றுக்கொள்ளும். அந்த நிரல் கிடைக்காவிடின் பெட்டியின் பயன் பெருமளவில் அற்றுப்போகும். எனவே பெட்டிக்கு ஒரு விலை, நிரலுக்கு இன்னொரு விலை என்ற முறை வந்தது. ஆரம்பத்தில் நிரலுக்கான மாதக் கட்டணம் 9.95 டொலர். ஆயுட்காலச் சந்தா 199 டொலர். இருபது மாதங்களுக்குமேல் பெட்டியைப் பாவிக்க எண்ணிய எவருக்கும் இரண்டாவதே இலாபம் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை.

ஆயினும், ஒப்பந்தத்தில் அச்சந்தா பெட்டியின் தொடரிலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. உத்தரவாதக் காலத்தினுள் பெட்டி பழுதாகி நிறுவனமே மாற்றுப் பெட்டி வழங்கினால் சந்தா அதனுடன் செல்லும். அதன்பின் வாடிக்கையாளர் தாமே புதிய பெட்டி வாங்கினால் சந்தாவையும் புதிதாகவே வாங்க வேண்டும். விந்தை என்னவெனில், அதே பெட்டியை அவர் முன்பின் அறியாத ஒருவருக்கு விற்றால் சந்தா பெட்டியோடு சேர்ந்து அந்த அந்நியருக்குப் போய்விடும்! ஆயுட்காலச் சந்தா உள்ள பழைய பெட்டிகள் அது இல்லாதவற்றைவிடக் கூடிய விலைக்குக் கைமாறியதற்கு இதுவே காரணம். பணம் கொடுத்த மனிதரைவிட அவர் வீட்டுப் பெட்டிக்கே ஒப்பந்தம் கூடிய உரிமையை அளித்தது என்று கூறினால் அது மிகையாகாது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயம் எதுவுமில்லை என நாம் வாதிடவில்லை. இரவு பகலாகச் சுழலும் வன்தட்டைக் கொண்ட பெட்டி சில வருடங்களே உழைக்கும் என்ற கணிப்பில்தான் ஆயுட்காலச் சந்தாவுக்கு விலை குறிக்கப்படுகின்றது. நிகழ்ச்சி நிரலை நிறுவனமும் வேறோரிடத்தில் விலைகொடுத்தே பெறவேண்டியிருக்கின்றது. அச்செலவு ஒருபோதும் நிற்பதில்லை. ஒரு தடவை செலுத்திய பணத்துக்காகப் பெட்டி மாறி, பின் தலைமுறையும் மாறி, சேவை மாத்திரம் முடிவின்றித் தொடருமானால், அதன் சுமை மாதக் கட்டணம் செலுத்தும் ஏனைய வாடிக்கையாளரின் தலையிலேயே விழும். வரையறையற்ற வாக்குறுதியை எந்த வணிகமும் தாங்காது. ஆனால், அப்படியான வரையறை இருக்குமாயின் அதனைப் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? விளம்பரத்தில் ஆயுள் என்றும், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பெட்டியின் ஆயுள் என்றும் எழுதுவது கணிப்பின் பாற்பட்ட விடயமல்ல.

மேலும், மாற்றிக் கொடுப்பது இயலாத காரியம் என்ற வாதத்தை அந்நிறுவனமே பின்னர் பொய்யாக்கியது. 2006 ஆம் ஆண்டின் முற்பகுதியில் புதிய ஆயுட்காலச் சந்தாக்களின் விற்பனையை டிவோ நிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான புதிய பெட்டியை 799 டொலருக்கு வெளியிட்டபோது, பழைய பெட்டியிலுள்ள ஆயுட்காலச் சந்தாவை 199 டொலர் செலுத்தி அதற்கு மாற்றிக்கொள்ளலாம் எனக் குறுகிய காலச் சலுகையொன்றை அறிவித்தது. முதன்முதலில் சந்தாவுக்கு அறவிட்ட தொகையும் 199 டொலரே என்பது கவனிக்கத்தக்கது. விலையுயர்ந்த புதிய பெட்டியை விற்கவேண்டிய தேவை வந்தபோது, மாறவே மாறாது எனப்பட்ட சந்தா மாறியது. இது தொழில்நுட்பத்தின் தடையல்ல, விலை பற்றிய தீர்மானமே என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் பற்றிய ஒரு விளக்கமும் இவ்விடத்தில் அவசியமாகின்றது. சந்தாதாரரின் உரிமை எங்கே பதிவாகியிருக்கின்றது என்பதே அடிப்படைக் கேள்வி. அது சாதனத்தின் தொடரிலக்கத்தில் பதிவாகியிருந்தால் சாதனத்தோடு மடியும். வாடிக்கையாளரின் பெயரிலுள்ள கணக்கில் பதிவாகியிருந்தால் அவரோடு வாழும். கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். எமது இலக்கமும் அதில் மிகுதியாக உள்ள பணமும் தொலைபேசியில் இல்லை, சிம் அட்டைக்குரிய கணக்கிலேயே உள்ளன. தொலைபேசி கிணற்றில் விழுந்தாலும் இலக்கம் மூழ்குவதில்லை. இணையத்தின் ஊடாகப் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு கணக்குகள் இயங்கும் இக்காலத்தில் எந்தச் சேவையையும் அவ்வாறு அமைப்பது கடினமன்று. இருந்தும் தொடரிலக்கத்தோடு பிணைக்கும் முறை கைவிடப்படவில்லை. கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் மென்பொருளின் உரிமம் அக்கணினியோடு முடிவடைவதையும், கடையில் தனியாக வாங்கிய விண்டோஸைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்ற முடிவதையும் கணினி திருத்துவோர் நன்கறிவர். மென்பொருள் ஒன்றே. உரிமம் எழுதப்பட்ட விதம்தான் வேறு.

செய்மதி வானொலிச் சேவையை வழங்கும் சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றம்வரை சென்றது. இந்நிறுவனமும் ஆயுட்காலச் சந்தாக்களை விற்றிருந்தது. அமெரிக்கர் இவ்வானொலியைப் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களிலேயே கேட்கின்றனர். வாகனத்தை விற்றாலோ அது விபத்தில் சிதைந்தாலோ வானொலிக் கருவியும் கையைவிட்டுப் போகும். புதிய வாகனத்துக்குச் சந்தாவை மாற்றக் கோரியவர்களில் சிலருக்கு அது கருவியின் ஆயுளுக்கானது எனப் பதிலளிக்கப்பட்டது. வேறு சிலருக்கு மூன்று தடவைகள் மாத்திரம், அதுவும் ஒவ்வொரு தடவையும் 75 டொலர் கட்டணத்துடன் எனக் கூறப்பட்டது. ஆயுட்காலம் என்றால் எங்கள் ஆயுட்காலம் என்றே விளங்கிக்கொண்டோம் என்று கூறி, வாடிக்கையாளர் அனைவரின் சார்பிலும் 2018 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2021 இல் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத்தின்படி, சந்தா நடைமுறையில் உள்ளவர்கள் தடவைக்கு 35 டொலர் செலுத்தி எத்தனை தடவையும் கருவி மாற்றிக்கொள்ளலாம். சந்தாவை இழந்தவர்கள் அதனை மீளப் பெறவோ 100 டொலரை ஏற்றுக்கொள்ளவோ வழி செய்யப்பட்டது. இணக்கமாக முடிந்தமையால் ஆயுள் என்ற சொல்லின் பொருளை நீதிமன்றம் தீர்த்துக் கூறவேண்டிய நிலை எழவில்லை. சட்டம் பயின்றோருக்கு இது ஓர் ஏமாற்றமே. எனினும், சிறு கட்டணத்துடன் மாற்றத்துக்கு இடமளித்தால் நிறுவனம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்பது அதன் மூலம் தெளிவாகியது.

சந்தாவை மாற்றினால் ஒருவரே இரண்டு சாதனங்களில் சேவையைத் திருட்டுத்தனமாகப் பெறுவார் என்ற அச்சத்துக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டிலேயே விடை கண்டிருக்கின்றது. ஒரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்ட்சொப்ட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், கால வரையறையின்றிப் பணம் பெற்று வழங்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுபடியும் விற்கலாம், ஆனால் விற்கும் வேளையில் தம்மிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதவாறு செய்துவிட வேண்டும் என அது தீர்ப்பளித்தது. அவ்வழக்கு மென்பொருள் பிரதிகள் பற்றியதேயன்றிச் சேவைகள் பற்றியதல்ல. இருப்பினும் புதியது உயிர்பெறும்போது பழையது அணைக்கப்பட வேண்டும் என்ற நெறி இங்கும் பொருந்தும். எந்தத் தொடரிலக்கத்துக்கும் சேவையை நிறுத்தும் ஆற்றல் நிறுவனங்களிடம் எப்போதும் உண்டு. கட்டணம் தவறும்போது அவர்கள் அதனைத் தாமதமின்றிச் செய்வதை நாம் காணவில்லையா?

சாதனம் பழுதாகும்போதோ வாடிக்கையாளர் அதனைக் கைவிட்டுப் புதியது வாங்கும்போதோ, பழையதை நிறுத்திவிட்டு, பதிவு மாற்றத்துக்கான உண்மைச் செலவை மாத்திரம் அறவிட்டுச் சந்தாவை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும். அதற்கு விரும்பாத நிறுவனம் ஆயுள் என்ற சொல்லை விட்டுவிட்டு, ஐந்து வருடம் அல்லது ஏழு வருடம் என்று எண்ணிக்கையில் கூறட்டும். விற்கப்படுவதன் அளவோ காலமோ தெளிவற்றிருக்கும் கொடுக்கல் வாங்கலை இஸ்லாமிய வணிக நெறி 'கரர்' எனக் கூறி விலக்குகின்றது. அந்நெறியை அறிந்த வாசகர்களுக்கு நாம் கேட்பது புதிதாகத் தோன்றாது. டிஜிட்டல் பண்டங்களுக்கு உரிமம் மாத்திரமே வழங்கப்படும்போது அதனை வெளிப்படுத்தாமல் 'வாங்குங்கள்' என்று கூறி விற்கலாகாது எனக் கலிபோர்னிய மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 'ஆயுட்காலம்' என்ற சொல்லுக்கும் அத்தகைய கட்டுப்பாடு வருவது பொருத்தமாயிருக்கும். எமது நாட்டிலும் வர்த்தகத்தில் தவறாக வழிநடத்தும் செயல்களை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கின்றது. ஆயுட்காலம் எனக் கூறி எதையேனும் விற்க வருவோரிடம், புதிய சாதனத்துக்கு இது மாறுமா என்ற கேள்விக்கான பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு கேட்பதில் வாசகர்கள் தயங்கவேண்டியதில்லை.

சாதனத்தின் ஆயுள், மனிதரின் ஆயுள் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் ஆயுளும் இருக்கின்றது. ஆயுட்காலச் சந்தாவோடு ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கப்பட்ட ரிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை, அதனைத் தயாரித்த நிறுவனத்தை 2014 இல் வாங்கிய நெஸ்ட் நிறுவனம், 2016 மே மாதத்தில் முற்றாகச் செயலிழக்கச் செய்தது. கருவியில் பழுது எதுவும் இருக்கவில்லை. வீதி வழிகாட்டிக் கருவிகளை விற்ற டொம்டொம் நிறுவனம், ஆயுட்கால வரைபடப் புதுப்பிப்பு உள்ளவை உட்படத் தனது பழைய கருவிகள் பலவற்றுக்கு இனிமேல் புதிய வரைபடம் வழங்கப்படமாட்டாது என 2018 இல் அறிவித்தது. டிவோவும் தனது முதலாவது தலைமுறைப் பெட்டிகளுக்கான நிகழ்ச்சி நிரலை 2016 செப்டெம்பரில் நிறுத்தி, ஆயுட்காலச் சந்தாதாரர்களுக்கு 75 டொலர் பெறுமதியான அட்டையைக் கொடுத்தது. 2025 ஒக்டோபருடன் அந்நிறுவனம் பதிவுப் பெட்டிகளை விற்பதையே கைவிட்டுவிட்டது. பழைய பெட்டிகளுக்கான சேவை தொடரும் என்று கூறப்பட்டிருக்கின்றது. ஆனால், இனி ஒருவரின் பெட்டி பழுதானால் அவரது ஆயுட்காலச் சந்தாவை மாற்றுவதற்கு அந்நிறுவனத்திடம் புதிய பெட்டி எதுவும் விற்பனையில் இல்லை.