நடுங்கிய நிலமும் நியாயத் தீர்ப்பும்

பெங்களூரின் பழைய பகுதிகளில் பிளேக் அம்மனுக்கு எழுப்பிய சிறு கோயில்கள் சில உள்ளன. 1898-ஆம் ஆண்டு இந்நகரைப் பிளேக் நோய் பற்றியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அஞ்சியவர் பலர் நகரின் நெருக்கத்தை விட்டு மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் சென்று குடியேறினர். அம்மையின் சீற்றம் தணிய வேண்டும் என்னும் வேண்டுதலில் பிறந்தவை இக்கோயில்கள். அவற்றுள் ஒன்றின் முன் நின்றபோது நண்பன் ஒருவன் என்னைக் கேட்டான்: “நீ படிக்கும் விவிலியத்தில் வரும் கடவுளும் இப்படித்தானே? சினம் வந்தால் ஊரையே அழிக்கிறார்!”

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிய தெளிவு வேண்டும். எபிரேய மறையில் இறைவன் பெயரால் பேசியவர்களைத் தமிழில் ‘தீர்க்கதரிசிகள்’ என்கிறோம். நெடுந்தொலைவு காண்பவர் என்பது அதன் பொருள். அதனால் அவர்களைச் சோதிடர் போல் எண்ணிவிடுகிறோம். எபிரேய மொழியில் அவர்களுக்குரிய பெயர் ‘நாபி’. அழைக்கப்பட்டவர் என்று அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. அவர்கள் சொன்னது நாட்பலன் அன்று. அவர்கள் தொடுத்தது வழக்கு. இறைவனே வாதி, சொந்த நாட்டு மக்களே பிரதிவாதிகள்.

ஆமோசை எடுத்துக்கொள்வோம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூதா நாட்டுத் தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பேணியவர். இரண்டாம் எரொபெயாம் ஆண்ட வட நாடாகிய இசுரவேலுக்குச் சென்று பேசினார். அது செல்வம் கொழித்த காலம். ஆமோசு முதலில் தமசுகு, காசா, தீரு முதலான அயல் நாடுகளின் கொடுமைகளைச் சாடினார். கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அடுத்து யூதாவைச் சாடினார். முடிவில் இசுரவேலின் பக்கம் திரும்பினார். ஏழையை ஒரு சோடி மிதியடிக்கு விற்கிறீர்கள். கள்ளத் தராசு பிடிக்கிறீர்கள். ஊர் வாயிலில் கைக்கூலி வாங்கி நீதியைப் புரட்டுகிறீர்கள். தந்தக் கட்டிலில் சாய்ந்து உண்கிறீர்கள் என்று குற்றங்களை அடுக்கினார். இறைவன் உங்களைத் தேர்ந்துகொண்டதனாலேயே உங்களிடம் கணக்குக் கேட்பார் என்றார். பெத்தேல் கோயில் குரு அவரை அரச துரோகி என்று கூறி, யூதாவுக்கே ஓடிப் பிழைத்துக்கொள் என விரட்டினார். கி.மு. 722-இல் அசீரியரிடம் சமாரியா வீழ்ந்தது.

ஆமோசின் நூல் தன் காலத்தைக் குறிக்கும் முறை வியப்புக்குரியது. நிலநடுக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பேசியதாக அது தொடங்குகிறது. மக்கள் அஞ்சி ஓடிய அந்த நடுக்கத்தைப் பல தலைமுறைக்குப் பின் வந்த சகரியாவின் நூலும் நினைவுகூர்கிறது. 1955 முதல் 1958 வரை ஆசோர் என்னும் பழம்பதியை அகழ்ந்த யிகாயேல் யாதின், அந்த நூற்றாண்டைச் சேர்ந்த மண்ணடுக்கில் நிலநடுக்கத்தின் அடையாளங்களைக் கண்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரும் நேபாளமும் நடுங்கின; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். சனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே இப்பேரிடர் என்று தாம் நம்புவதாகக் கூறினார்.

கவி இரவீந்திரநாத் தாகூர் இதனை மறுத்தார். தீண்டாமையை ஒழிப்பதில் அவரும் காந்தியடிகளின் பக்கமே. ஆயினும் இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் உண்டு என்றார். இதே வாதத்தைக் கொண்டு, காந்தியின் இயக்கமே இப்பேரிடரை வரவழைத்தது என்று எதிர்ப்பக்கத்தாரும் கூறலாமே என்றும் சுட்டினார். காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் ‘அரிசன்’ இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கை மாறவில்லை என்று விடையிறுத்தார்.

இருவருள் யார் பக்கம் நிற்பது?

காந்தியடிகளிடம் ஆமோசின் குரல் இருந்தது. அவர் பிறரைச் சாடவில்லை. தம் சமயத்தாரை, தம்மையும் உட்படுத்தியே சாடினார். கடந்துபோன பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் சுட்டிக்காட்டி, அப்போதும் நீங்கள் திருந்தவில்லையே என்று ஆமோசும் கேட்டதுண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆமோசு குற்றவாளிகளின் ஊருக்கே சென்று, அவர்கள் வாழ்வு செழித்திருக்கையிலேயே எச்சரித்தார். பீகாரில் மாண்டோருள் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். தொட்டிற் குழந்தைகளும் இருந்தார்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி கூட மதுரையை எரிக்கையில் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கு ஆணையிட்டாள். நிலநடுக்கத்துக்கு அந்தப் பகுத்தறிவு இல்லை. துன்புறும் யோபுவிடம் “நீ பாவம் செய்திருப்பாய்” என்று வாதாடிய நண்பர்களை இறுதியில் இறைவனே கடிந்துகொண்டதாக எபிரேய மறையே கூறுகிறது. ஆகவே பிணங்களின் மேல் நின்று தீர்ப்பு வாசிப்பதில் நான் தாகூரின் பக்கமே. ஆனால் குற்றச்சாட்டு? அது முற்றிலும் உண்மை. நிலம் நடுங்காதிருந்தாலும் அது உண்மையே.

தீர்ப்புரைக்கு இன்னொரு பண்பும் உண்டு. சொன்னது நடவாமற் போவதே அதன் வெற்றி. எருசலேம் மண்மேடாகும் என்றார் மீகா. மன்னன் எசேக்கியா அவரைக் கொல்லவில்லை, மனம் நடுங்கி இறைவனை வேண்டினான், அழிவும் விலகியது. நூறாண்டுக்குப் பின் எரேமியாவைக் கொல்ல முனைந்தபோது ஊர்ப் பெரியவர்கள் சிலர் இந்நிகழ்ச்சியைச் சொல்லியே வாதாடினர். நினிவே திருந்தியதால் தம் வாக்குப் பொய்த்ததென்று யோனா மனம் புழுங்கினார். இறைவனோ மகிழ்ந்து மன்னித்தார். கேட்டவர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே தீர்ப்பு முன்கூட்டி உரைக்கப்படுகிறது.

அப்படியொரு திரும்புதல் நம்மிடையிலும் நிகழ்ந்தது. 1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்ல, அதுவரை விலக்கப்பட்டிருந்தோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். அன்று எந்த நிலமும் நடுங்கவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

நண்பனுக்கு இப்போது விடை சொல்வேன். சினந்து ஊரை அழிக்கும் கடவுளை நான் ஆமோசிடம் காணவில்லை. தராசையும் மிதியடியையும் எண்ணிக் கணக்குக் கேட்கும் கடவுளைக் கண்டேன். அந்தக் கணக்கை அடுத்தவன் துன்பத்தில் படிக்க நமக்கு உரிமையில்லை. நம் வீட்டில், நம் விடுதியில், நாம் யாரை அருகில் அமர்த்துகிறோம் என்பதில் படிக்கலாம். அப்படிப் படிப்பவனுக்கு நிலநடுக்கம் தேவைப்படாது.