மூக்குத்தியை விரலால் பிடிக்கலாமா?

விசையை அழுத்திய சில நொடிகளில், ஒரு நகையில் தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி சொல்லிவிடுகிறது. அதன் முனையிலுள்ள சிறு ஜன்னல் வழியே எக்ஸ்ரே பாய்கிறது. அது பட்டதும் ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ்ரேயை வெளியிடுகிறது. கருவி அதை அளந்து தனிமத்தை இனங்காண்கிறது. விசையை விட்டதும் கதிர் நின்றுவிடும். சோதித்த நகையில் கதிரியக்கம் துளியும் தங்காது. ஆகவே கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சோதிக்கும் பொருள் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு கூடுதலாக எச்சரிக்கை வேண்டும்.

காரணம் எளிது. தடித்த உலோகத் தகட்டைச் சோதிக்கும்போது அது ஜன்னலை முழுக்க மூடி, கதிரைப் பெரும்பாலும் தானே உறிஞ்சிவிடுகிறது. மூக்குத்தியோ தாலிக்குண்டோ சிறு பழங்காசோ ஜன்னலை மூடுவதில்லை. மிஞ்சிய கதிர் அதன் ஓரங்களைத் தாண்டிப் போகிறது. அதை விரலால் பிடித்திருந்தால் நேர்க்கதிர் விரல் மேலேயே விழும். பிளாஸ்டிக் தட்டிலோ மர மேசையிலோ வைத்தாலும் தீராது: ஒரு பகுதி கதிர் சிதறித் திரும்பும், இன்னொரு பகுதி மேசையைத் துளைத்துக் கீழே மடி வரை போகக்கூடும்.

"சில நொடிதானே, மருத்துவமனை எக்ஸ்ரேயும் அப்படித்தானே?" என்று கேட்கலாம். மருத்துவ எக்ஸ்ரே எப்போதோ ஒருமுறை எடுப்பது. இங்கே அதே விரல் நாள் முழுதும் கதிர் முன் வருகிறது. குறுகிய கற்றையின் ஆற்றல் விரலின் ஒரு சிறு பகுதியிலேயே குவிகிறது. அதனால்தான் ஊழியரின் உடல் முழுமைக்கும் ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என வரம்பு வைத்தவர்கள், கைகளுக்கு 500 என்று தனி வரம்பும் வைத்தார்கள். எக்ஸ்ரே குழாய்களைத் தன் கைகளைக் கொண்டே சோதித்து வந்த எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கைகளை இழந்து 1904இல் இறந்தார். அன்றைய கதிரளவு வேறு; ஆனால் கை முதலில் பாதிக்கப்படும் என்ற உண்மை மாறவில்லை.

"முன்னால் பொருள் இல்லையென்றால் கருவியே அணைந்துவிடுமே" என்பது அடுத்த வாதம். அப்படி அணைக்கும் உணரி, எதிரே ஏதோ இருக்கிறது என்பதை மட்டுமே அறியும். அது விரலா நகையா என்று அதற்குத் தெரியாது. மூடி திறந்திருந்தால் கதிரே வராத கவசப் பெட்டி கொண்ட ஸ்டாண்டுதான் சரியான வழி. நேரம் வீணாகும் என்ற தயக்கமும் நிற்காது: பொருள் அசையாமல், ஒரே தூரத்தில் இருந்தால்தான் அளவீடும் நம்பத்தக்கதாகும். சிறு நகைக்குத் துல்லியமும் பாதுகாப்பும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும்போது, விரலைப் பணயம் வைக்க எந்தக் காரணமும் இல்லை.