மண்ணின் நிறமும் மன்செலின் எண்ணும்

செம்மண் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் வேண்டாத சொல். ஆயினும், சுன்னாகத்துத் தோட்டமொன்றின் மேல்மண்ணையும் அங்கே கிணறு வெட்டும்போது ஆழத்தில் வரும் மண்ணையும் இரு கைகளில் ஏந்தி நோக்குவார்க்கு, அச்சொல் எத்துணை வேறுபாடுகளை மறைத்து நிற்கின்றது என்பது புலனாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் புவியியல் வகுப்பில் ஒரே மண்கட்டியைக் காட்டி அதன் நிறத்தை எழுதச் சொன்னேன். ஒருவன் காவி என்றான். ஒருவன் செங்கல் நிறம் என்றான். மற்றொருவன் காய்ந்த வாழைச்சருகின் நிறம் என்று எழுதினான். மூன்றாமவனைக் கவனமற்றவன் எனக் கடிந்துகொண்டேன். அதுபற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இத்தகைய குழப்பத்தை நீக்க முயன்றவர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் ஓவியம் கற்பித்த அல்பேட் ஹென்றி மன்செல் (1858–1918) என்னும் ஆசிரியர். அவரது நிறக்குறியீட்டு நூல் 1905இல் வெளிவந்தது. எந்த நிறத்துக்கும் மூன்று பண்புகள் உள என்பது அவர் கொள்கை. முதலாவது நிறச்சாயல்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தும் அவற்றின் இடைநிறங்கள் ஐந்தும் வட்டமாக அமைய, ஒவ்வொன்றும் பத்தாகப் பகுக்கப்பட்டு நூறு படிகளாகும். இரண்டாவது வெளிர்மை: கறுப்பு 0, வெள்ளை 10. மூன்றாவது செறிவு: சாம்பல் நிறத்திலிருந்து ஒரு நிறம் எவ்வளவு விலகி நிற்கின்றது என்பது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இப்படிகள் ஒளியின் அளவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை அல்ல. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும்படி வகுக்கப்பட்டவை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவாக நமக்குத் தோன்றும் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது அனுப்புவது நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கே. இருளில் சிறு வேறுபாட்டையும் உணரும் நம் கண், மிகுந்த ஒளியில் அதே வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

நிறங்கள் யாவற்றையும் அழகியதோர் உருண்டையில் அடக்கிவிடவே மன்செல் முதலில் விரும்பினார். நிறங்கள் இணங்கவில்லை. மஞ்சள் வெளிறிய படியிலே மிக்க செறிவு பெறும். நீலஊதாவோ இருண்ட படியிலே பெறும். ஆகவே உருண்டை கிளைகள் ஏறியும் இறங்கியும் நீண்டதொரு மரமாயிற்று. தம் வடிவத்தை விடுத்துக் கண் கண்டதையே ஏற்றுக்கொண்டமை, என் கருத்தில், அவரது பெருமையாகும். 1943இல் அமெரிக்க ஒளியியற் கழகத்தார் அப்படிகளை மீண்டும் ஆராய்ந்து திருத்தினர்.

மண்ணாய்வாளர் இம்முறையைத் தமதாக்கிக் கொண்டனர். புதிதாக உடைத்த கட்டியை ஈரமாக்கிப் பகலொளியில் அட்டையின் துளைக்குப் பின்னே பிடித்து, அருகிலுள்ள நிறச்சில்லுகளோடு ஒப்பிடுவர். 2.5 ஒய்ஆர் 4/6 என்று குறித்தால், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட குடும்பத்தில் சிவப்பை அடுத்த சாயல், வெளிர்மை 4, செறிவு 6 என்பது பொருள். இலங்கை மண்களை மூர்மன், பானபொக்க என்போர் 1961இல் வகுத்தபோது, யாழ்ப்பாணச் செம்மண்ணைச் சிவப்பு மஞ்சள் லற்றசோல் என்னும் பிரிவில் அடக்கினர். அப்பெயரிலேயே நிறம் இருத்தல் காண்க. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இரும்பின் ஒட்சைட்டுகளே காரணம். நீர் தேங்கி வளி புகாத இடத்தில் இரும்பு அந்நிலை மாற, மண் சாம்பல் நிறமாகும். எனவே நிறம் நிலத்தின் வடிகாலையும் அறிவிக்கின்றது.

இனி அம்மாணவன். பிறிதொரு நாள் பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் கலந்து வைத்து, நிறத்தால் பிரிக்குமாறு கேட்டேன். அவன் தடுமாறினான், வீட்டில் தொட்டுப் பார்த்தே அறிவதாகச் சொன்னான். ஆனால் சாம்பல் நிறத் தாள்களைக் கொடுத்தபோது, வெளிர்மைப்படி ஒரு பிழையுமின்றி அடுக்கினான். அவனுக்குக் குறை கவனத்தில் அன்று. மூன்று பண்புகளுள் ஒன்றை உணரும் ஆற்றலில் மட்டுமே. மன்செலின் படிகள் பெரும்பான்மையோர் கண்ணைக் கொண்டு அமைந்தவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அவன் விடைத்தாளில் யான் இட்ட தவறுக்குறி இருந்தபடியே இருந்தது.